கண்ணாடி முகத்துக்குப் பொருந்தவில்லையா? குறையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

"இந்த ஃபிரேம் எனக்கு சூட் ஆகலை" என்று கழற்றி வைக்கப்படும் கண்ணாடிகள் பலவற்றில் வடிவத்தின் மேல் தப்பே இருக்காது. பிரிட்ஜ் (மூக்கின் மேல் அமரும் நடுப்பகுதி) இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாக இருக்கும், அல்லது காதுக்குப் பின்னால் வளைய வேண்டிய இடம் தள்ளிப் போயிருக்கும். விளைவு, கண்ணாடி மூக்கில் கொஞ்சம் இறங்கி உட்காரும். இறங்கிய கண்ணாடி யார் முகத்துக்கும் எடுக்காது. ஆகவே வட்ட முகம், சதுர முகம் என்ற பட்டியலைத் தேடுவதற்கு முன்னால், அது முகத்தில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். கீழே உள்ள குறைகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன: முதலில் உடம்பு உணர்வது, பிறகு நிலைக்கண்ணாடி காட்டுவது.

முதலில் ஃபிரேமில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டெம்பிளின் உட்புறத்தில் (காதில் மாட்டும் கையைத்தான் கடைகளில் டெம்பிள் என்பார்கள்) 52□18 140 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். சில மெட்டல் ஃபிரேம்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரு லென்ஸ்களுக்கும் நடுவே உள்ள பிரிட்ஜ் இடைவெளி, மூன்றாவது டெம்பிளின் மொத்த நீளம். மூன்றும் மில்லிமீட்டரில். லென்ஸின் உயரம் பெரும்பாலும் இதில் இருக்காது; அதை ஸ்கேல் வைத்து நீங்களேதான் அளக்க வேண்டும்.

முன்பக்கத்தின் முழு அகலம் வேண்டுமென்றால் ஒரு தோராயக் கணக்கு: லென்ஸ் அகலம் இரண்டு மடங்கு, அதோடு பிரிட்ஜ், அதோடு இரு ஓரத்துக் கீல் பகுதிகளுக்கு 10 முதல் 12. மேலே சொன்ன ஃபிரேமுக்கு 104 + 18 + 12, அதாவது சுமார் 134 மி.மீ.

இன்னொரு எண் உங்கள் பி.டி., அதாவது இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம். கண் பரிசோதனைச் சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 54 முதல் 74 மி.மீ. வரை இருக்கலாம். இந்த ஒரு எண் தெரியாமல் ஃபிரேம் தேடுவது, பாத அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

குறை: குனிந்தால் வழுக்கி இறங்குகிறது

எல்லோரும் முதலில் மூக்கைத்தான் குறை சொல்வார்கள். காதிலிருந்து தொடங்குங்கள்.

1. கண்ணாடியை சரியான உயரத்தில் மாட்டிக்கொண்டு, காதின் மேற்புறம் தலையோடு சேரும் இடத்தை விரலால் தொடுங்கள். டெம்பிள் கீழ்நோக்கி வளையத் தொடங்குவது சரியாக அந்த இடத்தில் இருக்க வேண்டும். வளைவு அதற்குப் பின்னால் இருந்தால், அந்த இடைவெளி தீரும்வரை கண்ணாடி முன்னால் நகரும். பெரும்பாலான வழுக்கலுக்குக் காரணம் இதுதான்.
2. வளைவு சரியாக இருந்தும் வழுக்கினால், டெம்பிள் தலையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். காதுக்குச் சற்று முன்னாலிருந்து பின்பக்கம் முழுக்க மெல்லப் படிந்திருக்க வேண்டும். நெற்றிப்பொட்டுப் பக்கமே இறுக்கமாகத் தொட்டு, பின்னால் விரிந்து நின்றால் முன்பக்கம் குறுகல் என்று அர்த்தம். இரு கையும் பிதுக்கிக் கண்ணாடியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்டவர்கள் "லூஸா இருக்கு, டைட் பண்ணுங்க" என்று கேட்பார்கள். டைட் செய்யச் செய்ய இன்னும் வேகமாக வழுக்கும். அகலமான ஃபிரேம்தான் இதற்கு வழி.
3. இரண்டும் சரி என்றால் மட்டும் மூக்குக்கு வாருங்கள். நோஸ் பேட் (மூக்கில் அமரும் சிறு திண்டு) உள்ள மெட்டல் ஃபிரேமில் பேட்களை ஒன்றையொன்று நோக்கி நெருக்கினால் கண்ணாடி மேலே ஏறும், முகத்திலிருந்து சற்று விலகவும் செய்யும். விரித்தால் இறங்கும், முகத்தோடு நெருங்கும். அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை ஃபிரேமில் பிரிட்ஜ் ஃபிரேமோடு ஒன்றாகவே இருப்பதால் இந்த வசதி கிடையாது. ஒட்டும் சிலிகான் பேட் தற்காலிகத் தீர்வு. மூக்குத்தண்டின் மேற்பகுதி தட்டையாக, கண்மணி மட்டத்துக்குக் கீழே தொடங்குபவர்கள் "லோ பிரிட்ஜ் ஃபிட்" என்று குறிப்பிட்டு விற்கும் ஃபிரேம்களையோ நோஸ் பேட் உள்ளவற்றையோ எடுப்பது நல்லது. சாதாரண அசிடேட் ஃபிரேமோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண்.

டெம்பிள் வளைவை வீட்டிலேயே மாற்றலாமா? அசிடேட் என்றால், நுனிப்பகுதியை மட்டும் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, மெதுவாக வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். லென்ஸ் வெந்நீரில் படவே கூடாது. எதிரொளிப்புத் தடுப்புக் கோட்டிங் சூட்டில் மயிரிழை வெடிப்பு விடும். பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் கண்ணாடியை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். சூடேற்றாமல் வளைத்தால் அசிடேட் பட்டென்று முறியும். டி.ஆர்.90 என்று எழுதிய நைலான் வகை ஃபிரேம் வளைந்து கொடுக்கும், ஆனால் வளைத்த இடத்தில் நிற்காது. மெமரி மெட்டலும் அப்படித்தான். இந்த இரண்டையும் வாங்கும்போதே பொருத்தம் சரியாக இருக்க வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நம்பி எடுக்காதீர்கள்.

குறை: மூக்கில் தடம், காதுக்குப் பின்னால் வலி

கழற்றியதும் மூக்கில் இருக்கும் தடத்தை உற்றுப் பாருங்கள். அதன் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். பேட் முழுவதும் பதிந்த வெளிறிய, பரவலான தடம் சில நிமிடங்களில் மறைந்தால் கவலையில்லை. பேட்டின் மேல் விளிம்பு மட்டும் கோடாகப் பதிந்திருந்தால் பேட்கள் மூக்கின் சரிவுக்கு ஏற்பத் திரும்பவில்லை. உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ கோணம் மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. தடம் ஆழமாக இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் எடை அதிகம். பெரிய பேட் போட்டால் அழுத்தம் பரவும்.

காது வலியில் இரண்டு வகை. காதின் மேல்மடிப்பில் எரிந்தால் வளைவு காதுக்கு முன்னாலேயே தொடங்குகிறது, டெம்பிள் நீளம் போதவில்லை. 140-க்குப் பதில் 145 தேடுங்கள். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால் நுனி உள்ளே குத்துகிறது. அதை எலும்பின் வளைவோடு படியும்படி திருப்ப வேண்டும்.

பேட் தொடும் இடத்திலோ காதோரத்திலோ சிவந்து அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். சுத்தமான டைட்டானியம் அல்லது அசிடேட்டுக்கு மாறுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: மெமரி மெட்டல் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. டைட்டானியம் என்ற பெயரைக் கேட்டு அதை எடுத்தால் அரிப்பும் கூடவே வரும்.

குறை: ஒரு பக்கம் ஏறி நிற்கிறது

கண்ணாடியைத் திறந்து, தலைகீழாகச் சமதளமான மேஜையில் வையுங்கள். ஃபிரேமின் மேல்விளிம்பு இரு பக்கமும், டெம்பிள் இரண்டும் மேஜையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் ஃபிரேம்தான் முறுக்கியிருக்கிறது. ஒரே கையால் கழற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

மேஜையில் சரியாக நின்று முகத்தில் மட்டும் சாய்ந்தால், காதுகள் ஒரே உயரத்தில் இல்லை. இது சர்வசாதாரணம், யாருக்கும் இரு பக்கமும் அச்சு அசலாக இருப்பதில்லை. கண்ணாடியை மேஜைக்காக அல்ல, முகத்துக்காகத்தான் சரிசெய்ய வேண்டும். விதி இதுதான்: வலது லென்ஸ் மேலே ஏறியிருந்தால் வலது டெம்பிளைக் கீல் அருகே மேல்நோக்கி வளைக்க வேண்டும். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் காது அசையாது. டெம்பிளின் பின்முனையை உயர்த்தினால், அது மீண்டும் காதில் அமரும்போது முன்பக்கம்தான் இறங்கும். அதேபோல ஒரு லென்ஸ் மட்டும் முகத்தை நெருங்கி நின்றால் அந்தப் பக்கத்து டெம்பிளை உட்புறமாக வளைக்க வேண்டும், விலகி நின்றால் வெளிப்புறமாக. கீல் பக்கம் கைவைக்கும் வேலையைக் கடையில் விட்டுவிடுங்கள். அதற்கென்று குறடு வைத்திருப்பார்கள். நீங்கள் செய்யக்கூடியது, எந்தப் பக்கம் எவ்வளவு என்று சரியாகச் சொல்வது.

குறை: சிரித்தால் கன்னத்தில் இடிக்கிறது, இமைமுடி லென்ஸில் உரசுகிறது

லென்ஸின் கீழ்விளிம்பு முகத்தை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருப்பது சரியே. 8 முதல் 12 டிகிரி வரை வழக்கம். அதற்கு மேல் சாய்ந்தால் கன்னம் இடிக்கும். சாய்வைக் குறைக்கச் சொல்லுங்கள். சாய்வு சரியாக இருந்தும் இடித்தால் லென்ஸ் உயரம் உங்கள் கன்ன எலும்புக்கு அதிகம். இரண்டு, மூன்று மி.மீ. உயரம் குறைந்த ஃபிரேம் வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது எல்லோரும் இறுக்கமான முகத்தோடு நிற்பதால் இந்தக் குறை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள்.

இமைமுடி உரசினால் லென்ஸ் கண்ணுக்கு மிக அருகில் இருக்கிறது. 12 முதல் 14 மி.மீ. தூரம் வழக்கம். நோஸ் பேட் இருந்தால் நெருக்கலாம். அசிடேட்டில் பிரிட்ஜ் குறுகலான வேறு ஃபிரேம்தான்.

குறை: லென்ஸ் தடிமனாக, கண் சிறுத்து, ஓரத்தில் ஒதுங்கித் தெரிகிறது

மைனஸ் பவர்காரர்களின் பெரிய மனக்குறை இது. "தின் லென்ஸ் போட்டேனே, அப்படியும் சோடாபாட்டில் மாதிரி இருக்கு" என்பார்கள். லென்ஸின் பொருளுக்குச் செலவழித்து, ஃபிரேமின் அளவைக் கவனிக்காமல் விட்டதன் பலன்.

காரணம் எளியது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது, விளிம்பை நோக்கித் தடிக்கும். அந்த "நடு" ஃபிரேமின் நடுவில் இருக்காது, உங்கள் கண்மணிக்கு நேராக இருக்கும். லென்ஸ் அகலத்தையும் பிரிட்ஜையும் கூட்டினால் ஃபிரேமின் சொந்த பி.டி. வரும். அது உங்கள் பி.டி.யைவிட எவ்வளவு அதிகமோ, அதில் பாதி அளவு ஒவ்வொரு லென்ஸின் நடுவும் மூக்குப் பக்கம் நகரும். வெளி ஓரம் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். தடிமன் அந்தத் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும், சும்மா ஏறாது.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். பவர் மைனஸ் 6, பி.டி. 62.

54□18 ஃபிரேம்: 72 கழித்தல் 62, பாதி 5. வெளி ஓரம் கண்மணியிலிருந்து 27 + 5 = 32 மி.மீ. சாதாரண 1.50 பிளாஸ்டிக் லென்ஸில் இந்த ஓரம் நடுவைவிட ஏறக்குறைய 6.1 மி.மீ. தடித்திருக்கும். நடுத் தடிமன் 2 சேர்த்தால் 8 மி.மீ.க்கு மேல்.

48□18 ஃபிரேம்: 66 கழித்தல் 62, பாதி 2. ஓரம் 24 + 2 = 26 மி.மீ. அதே லென்ஸில் கூடுதல் தடிமன் 4.1 மட்டுமே. மொத்தம் 6 மி.மீ. சொச்சம்.

பெரிய ஃபிரேமிலேயே 1.67 இண்டெக்ஸ் லென்ஸ் (இண்டெக்ஸ் எண் கூடினால் அதே பவருக்கு லென்ஸ் மெலியும்) போட்டால்? கூடுதல் தடிமன் 4.6 ஆகும், நடு ஒன்றரை மி.மீ. என்று வைத்தால் மொத்தம் 6.1. அதாவது, பெரிய ஃபிரேமில் விலை கூடிய லென்ஸ் போட்டுக் கிடைப்பது, சிறிய ஃபிரேமில் சாதாரண லென்ஸ் போட்டாலே கிடைக்கிறது. சிறிய ஃபிரேம், 1.67 இரண்டும் சேர்ந்தால் நாலரை மி.மீ.க்கு வந்துவிடும். இது கிடைமட்ட ஓரத்துக்கான தோராயம்தான். சதுர வடிவின் மூலைகள் இன்னும் தள்ளி இருப்பதால் அங்கே இன்னும் தடிக்கும். அதனால்தான் அதிகப் பவருக்கு வட்டமும், முனை மழுங்கிய வடிவங்களும் கைகொடுக்கின்றன.

கண் சிறுத்துத் தெரிவதும் இதன் உடன்பிறப்பு. மைனஸ் 6 லென்ஸ் வழியாக உங்களைப் பார்ப்பவருக்கு உங்கள் கண் ஏழெட்டு சதவீதம் சிறியதாகத் தெரியும். இதை முழுக்கப் போக்க முடியாது, குறைக்கலாம்: லென்ஸ் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கட்டும். அதைவிட உறுத்துவது இன்னொன்று. பெரிய லென்ஸின் வெளி ஓரத்தில், நெற்றிப்பொட்டுப் பக்கத்து முகக்கோடு உள்ளே ஒடிந்தாற்போல் தெரியும். முகம் லென்ஸுக்குள் ஒரு படி உள்வாங்கியது போல இருக்கும். சிறிய லென்ஸில் அந்தக் கோடு லென்ஸுக்குள் வருவதே இல்லை. ரிம் கொஞ்சம் தடித்த அசிடேட் ஃபிரேம் தடிமனைப் பக்கவாட்டில் மறைக்கும். ரிம்லெஸ்ஸும் ஹாஃப் ரிம்மும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

பிளஸ் பவர் என்றால் கதை நேரெதிர். நடு தடிக்கும், கண் பெரிதாகத் தெரியும். பெரிய ஃபிரேமுக்கு அகலமான லென்ஸ் வெட்ட வேண்டியிருப்பதால் நடுத் தடிமனும் எடையும் கூடும். தீர்வு மட்டும் அதேதான்: சிறிய ஃபிரேம்.

பவர் இல்லாமலும் இந்தக் கணக்கு முக்கியம். கண்மணி லென்ஸின் நடுவிலோ, நடுவிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. மூக்குப் பக்கமோ, மேல்பாதியில் சற்று உயர்ந்தோ இருந்தால் முகம் அமைதியாகத் தெரியும். மூக்குப் பக்கம் மிக ஒதுங்கினால் கண் நெருங்கினாற்போல் இருக்கும். நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் போனால் ஃபிரேம் குறுகல் என்று சந்தேகமே இல்லாமல் சொல்லலாம்.

குறை: முகம் பெருத்துத் தெரிகிறது, அல்லது கண்ணாடிக்குள் முகம் காணாமல் போகிறது

முன்பக்க அகலம் முகத்தின் அகலமான இடத்துக்குச் சமமாகவோ, ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று மி.மீ. வெளியேயோ இருக்கலாம். அதைவிடக் குறைந்தால் ஃபிரேமுக்கு இருபுறமும் கன்னம் பிதுங்கித் தெரியும், முகம் அகன்றுபோகும். அதிகமானால் முகம் ஒடுங்கும், குழந்தை அப்பாவின் கண்ணாடியைப் போட்டதுபோல.

அளக்க எளிய வழி: பேங்க் கார்டின் நீளம் 85.6 மி.மீ. உலகம் முழுக்க ஒரே அளவு. அதைக் கண்ணுக்குக் கீழே முகத்தோடு ஒட்டிப் பிடித்து, ஒன்றரை மீட்டர் தள்ளி வேறொருவரை நேராகப் படமெடுக்கச் சொல்லுங்கள். படத்தில் கார்டு எவ்வளவு, முகம் எவ்வளவு என்று விகிதம் போட்டால் அகலம் கிடைக்கும்.

முக வடிவப் பட்டியல்கள் இந்த இடத்தில்தான் பயன்படும், அதுவும் அளவோடு. அவற்றின் சாரம் ஒன்றே: முகத்தில் ஏற்கெனவே அதிகமாக இருக்கும் கோட்டை ஃபிரேம் திரும்பச் சொல்லக் கூடாது. வளைவுகள் நிறைந்த முகத்துக்குக் கோணமுள்ள ஃபிரேம் எலும்பு கொடுக்கும். தாடை சதுரமாக இருப்பவருக்கு ஓவல் இதம். நீண்ட முகத்துக்கு உயரம் கூடிய லென்ஸும் பக்கவாட்டில் கவனம் ஈர்க்கும் டெம்பிளும் நீளத்தை வெட்டும். நெற்றி அகன்று தாடை குறுகியவர்களுக்கு மேற்பகுதி கனத்த ஃபிரேம் இன்னும் பாரம் சேர்க்கும். கீழ்ப்பாதியில் கனமுள்ளதோ மெல்லிய மெட்டலோ நல்லது. ஆனால் "வட்ட முகத்துக்கு வட்ட ஃபிரேம் கூடாது" என்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அகலமும் உட்காரும் உயரமும் சரியாக இருந்து, வட்ட முகத்தின் மென்மையைத்தான் காட்ட விரும்பினால், வட்ட ஃபிரேமும் ஜோராக இருக்கும். தாடி வைத்தாலோ நெற்றியில் முடி விழும்படி வெட்டினாலோ முக வடிவமே மாறிவிடுகிறது. பட்டியல் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

குறை: எப்போதும் ஆச்சரியப்பட்டது போல் அல்லது சோர்ந்தது போல் முகம்

ஆச்சரியம் புருவத்தால் வருவது. ஃபிரேமின் மேல்கோடு புருவத்தின் மேலேயே படியலாம், அல்லது அதையொட்டிக் கீழே அதே வளைவில் போகலாம். புருவத்துக்கு நன்றாகக் கீழே வேறொரு வளைவில் போனால் இரண்டு ஜோடிப் புருவம் இருப்பது போல் ஆகிவிடும். புருவம் முழுவதும் லென்ஸுக்குள் விழுந்தால் ஃபிரேம் உயரம் அதிகம், அல்லது ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சோர்வு கீழ்க்கோட்டால் வருவது. ஏவியேட்டர் போல வெளிக்கீழ் மூலை தொங்கும் வடிவங்கள் பார்வையைக் கன்னத்தை நோக்கி இழுக்கும். கண்ணோரம் இயல்பாகவே கீழ்நோக்கிச் சாய்ந்தவர்களுக்கு இது இரட்டிப்பாகத் தெரியும். வெளி மேல்மூலை சற்று உயர்ந்த வடிவம் எடுங்கள். கேட் ஐ (பூனைக்கண் போல மூலை நன்றாகத் தூக்கிய வடிவம்) வரை போக வேண்டிய அவசியமில்லை, இரண்டு மி.மீ. தூக்கினாலே முகம் நிமிர்ந்துவிடும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால், தடித்த கறுப்புக் கீழ்விளிம்பு அதைக் கோடு போட்டுக் காட்டும். மேலே கனம், கீழே மெலிவு என்ற ஹாஃப் ரிம் வகை அதை எடுத்துக்காட்டாது.

குறை: மூக்கு நீளமாக, கண்கள் நெருங்கி

பிரிட்ஜ் உயரத்தில் இருந்தால் அதற்குக் கீழே தெரியும் மூக்கு நீளும், தாழ்ந்திருந்தால் குறுகும். நெருங்கிய கண்களுக்கு, நிறமற்ற அல்லது மெல்லிய பிரிட்ஜும், வெளி ஓரங்களில் நிறமும். அகன்ற கண்களுக்கு நேர்மாறு, கனத்த கறுத்த பிரிட்ஜ்.

குறை: "கண்ணாடிதான் தெரியுது, ஆள் தெரியலை"

இப்போதுதான் நிறத்துக்கும் ரசனைக்கும் வருகிறோம். இங்கே வேலை செய்வது வேறுபாடு: ஃபிரேமின் கருமைக்கும் தோல், முடி, புருவம் இவற்றின் கருமைக்கும் உள்ள தூரம். புருவத்தின் நிறத்தை ஒட்டிய ஃபிரேம் முகத்தின் பகுதியாகவே ஆகிவிடும். தோலின் நிறத்தை ஒட்டியது கரைந்துபோகும். இரண்டிலிருந்தும் விலகியது முன்னால் வந்து நிற்கும். மூன்றுமே தப்பில்லை, எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஃபிரேம் ஆளை விழுங்குகிறது என்றால், வடிவத்தை மாற்றாமல் ஒரு படி இளக்குங்கள். கறுப்புக்குப் பதில் அடர் பழுப்பு, அல்லது ஆமையோட்டு நிறக்கலவை, அல்லது அதே கறுப்பில் ரிம் மட்டும் மெலிந்தது. ஃபிரேம் இருப்பதே தெரியாமல் முகம் வெறிச்சென்று இருந்தால் எதிர்த்திசையில் ஒரு படி. தலைமுடி நரைத்த பிறகு பழைய தேன் நிற ஃபிரேம் மங்கித் தெரிவதற்குக் காரணமும் இந்தத் தூரம் மாறியதுதான். அடர்நீலம், சாம்பல், கருஞ்சிவப்பு ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள்.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறமற்ற ஃபிரேம் பிடித்திருந்தால் ஒன்றை ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்: வியர்வையும் வெயிலும் பட்டு நாளடைவில் மஞ்சள் தட்டும். மேட் ஃபினிஷ் கை படும் இடங்களில் பளபளக்கத் தொடங்கும்.

ரசனை விஷயத்தில் ஒரே ஒரு சோதனை. நீங்கள் வாரத்தில் ஐந்து நாளாவது உடுத்தும் உடையோடு கடைக்குப் போங்கள். விசேஷ உடையில் போனால் விசேஷத்துக்கான ஃபிரேம்தான் அழகாகத் தெரியும். ஒரே ஜோடி மட்டும் வாங்குபவர் அதை அன்றாட உடைக்கு எடுக்கட்டும். இரண்டாவது ஜோடியில் சிவப்பென்ன, பச்சையென்ன, மனம் போனபடி எடுக்கலாம்.

குறை: கடையில் பிடித்தது, வீட்டில் பிடிக்கவில்லை

கிட்டப்பார்வைக்காரர் பவர் இல்லாத டெமோ லென்ஸோடு ஃபிரேமைப் போட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தால், தன் முகமே அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். தெளிவாகப் பார்க்க முகத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்தாற்போல் நெருங்குவார். அந்தத் தூரத்தில் உலகத்தில் வேறு யாரும் அவரைப் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, டெமோ லென்ஸ் தடிமனையோ கண் சிறுப்பதையோ காட்டாது. கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் வீடியோ எடுத்து, பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாருங்கள்.

செல்ஃபியை நம்பாதீர்கள். கைநீளத் தூரத்தில் மூக்கும் ஃபிரேமின் நடுவும் பெருத்து, காதுப் பக்கம் சுருங்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில், வேறொருவர் எடுக்க வேண்டும். நேராக ஒன்று, முக்கால் பக்கம் ஒன்று, சிரித்தபடி ஒன்று. மற்றவர்கள் உங்களைப் பெரும்பாலும் முக்கால் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். டெம்பிளின் தடிப்பும் லென்ஸ் விளிம்பும் அங்கேதான் வெளிப்படும்.

குறை: புரோகிரசிவ் லென்ஸில் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது

மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாகப் பவர் படிப்படியாக மாறும் லென்ஸ் இது. லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் ஃபிரேம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் இரண்டு மி.மீ. மேலே தூக்கிப் பிடித்தால் எழுத்து தெளிகிறதா? தெளிந்தால் நோஸ் பேடை நெருக்கினால் முடிந்தது. மாறாக, நேராகப் பார்க்கும்போது தூரம் மங்கி, மோவாயைத் தாழ்த்தினால் தெளிந்தால் ஃபிரேம் ஏறியிருக்கிறது. பேடை விரிக்க வேண்டும். இரண்டுக்கும் அடங்கவில்லை என்றால் உயரம் குறிக்கும்போதே தவறியிருக்கலாம், அல்லது ஃபிரேமில் இடமே இல்லாமல் இருக்கலாம். கண்மணியிலிருந்து கீழ்விளிம்பு வரை பல டிசைன்களுக்கு 18 மி.மீ. வேண்டும், குறுகிய காரிடார் (தூரத்திலிருந்து படிப்புக்குப் பவர் மாறும் பகுதி) வகைக்கு 14 போதும். ஸ்டைலுக்காக எடுத்த குட்டி ஃபிரேம் இங்கேதான் காலை வாரும். அதிகப் பவரும் புரோகிரசிவ்வும் சேர்ந்தவர்கள் அகலத்தைக் குறைத்து உயரத்தை விடாமல் தேட வேண்டும்.

குறை: வெளிறல், பச்சை

அசிடேட் காதுப் பக்கம் வெள்ளை பூத்தால் அது வியர்வையும் தோல் எண்ணெயும் மேற்பரப்பை உலர்த்தியதால் வருவது. கடையில் பஃப் வீல் வைத்து மெருகேற்றினால் பெரும்பாலும் போய்விடும். நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்கவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் அசிடேட்டைக் கரைத்துவிடும். நோஸ் பேடைச் சுற்றிப் பச்சை படிந்தால் உலோகக் கலவையில் உள்ள செம்பு வியர்வையோடு சேர்ந்ததன் அடையாளம். பேடை மாற்றி, பேட் பிடிக்கும் கம்பியை மென்மையான பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். புதுப் பேட் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்க்ரூ வைத்ததா, அழுத்தி மாட்டுவதா என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது.